கை பிரேக் போட்டது யார்?

அத்தியாயம் 6

"பொணத்தோட போட்டோவா இருந்தாக்கூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டீங்க மேடம். அது வெறும் காரு."

ஹங்காய் சொன்னதைக் கிகுயோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழுதான வண்டிகளை இழுத்து வரும் எண்டோவின் செல்போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஐம்பதைத் தாண்டியவள். மூக்குக்கண்ணாடியை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். அதை ஒத்துக்கொள்ளாமல் இருப்பதும் வழக்கம்.

இழுப்பதற்கு முன் எண்டோ எடுத்த அந்தப் படத்தில் இருந்தது ஓயாமா குடும்பத்தின் கார். பாசி நிறம், பெட்டி உடம்பு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற சின்ன வண்டி. வட ஜப்பானில், யமகதாவின் இந்த மலையோரத்தில் அப்படியொரு கார் இல்லாத வீடு கிடையாது. பெரிய காரை வாங்கிப் பெருமையடிக்கிறவன், முதல் கனத்த பனியிலேயே சந்துக்குள் மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சின்னக் காரை இழுக்கக் கூப்பிடுவான். ஓயாமா வீட்டில் அந்த ஒன்றுதான். புருஷன் தொழிற்சாலை பஸ்ஸில் போய்விடுவான். பெண்டாட்டி பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு அதை ஓட்டிப் போவாள். சாலையில் தூவுகிற உப்பு அடித்தகட்டை அரித்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓயாமா தெட்சுரோ மல்லாக்கப் படுத்துக்கொண்டு தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவான். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறான் என்று தெருவே கேலி பேசும்.

அந்தத் தெட்சுரோதான் டிசம்பர் கடைசியில் ஓதோரி கணவாயில், இந்தக் கார் நின்ற இடத்துக்குக் கீழே, தேவதாருச் சரிவில் விறைத்துக் கிடந்தான். உடம்பில் மேல்கோட்டுகூட இல்லை. அன்று சாயங்காலம் டவுனில் தொழிற்சாலையின் வருஷக் கடைசி விருந்து. பள்ளிக்கு விடுமுறை என்பதால் காரை அவன் எடுத்துப் போயிருந்தான், விருந்தில் குடித்திருந்தான். போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. ஊர் அப்படி விட்டுவிடுமா? தொழிற்சாலையில் ஆள் குறைக்கப் போகிறார்கள், வேலை போகிற துக்கத்தில் குடித்தான், மலைக்கு ஓட்டினான், கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்தான் என்று மளிகைக் கடையிலிருந்து முடிவெட்டும் கடை வரை ஒரே கதைதான். கதை சொன்னவர்களில் பாதிப் பேர் சாவு வீட்டில் வரிசையில் நின்று ஊதுபத்தி ஏற்றியவர்கள். கிகுயோவுக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

தெட்சுரோவின் மனைவி மிட்சுயே, கிகுயோவின் துப்பறியும் ஆபீஸுக்கு வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவர் வீட்டுக்கு வரக் கிளம்பினாரா, சாகக் கிளம்பினாரா? ரெண்டுல எதுன்னு சொல்லிடுங்க, போதும். அன்னிக்கு ரயில் ஸ்டேஷன்லேர்ந்து போன் பண்ணார். நான் கொஞ்சம் கோபமாப் பேசிட்டேன்."

என்ன பேசினாள் என்று கேட்டதற்கு அந்தம்மாள் வாயைத் திறக்கவில்லை. 'குடிச்சிட்டு அவர் சாவியைத் தொடவே மாட்டார்' என்பதை மட்டும் வாசல்படி இறங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனாள்.

"ஹங்காய், இங்க வா. வைப்பர் எப்படி இருக்கு பாரு."

ஹங்காய் எட்டிப் பார்த்தான். நாற்பது வயது. பனிச்சறுக்கு மைதானத்தில் இழுவை நாற்காலி ஓட்டிக்கொண்டிருந்தவன். அந்த மைதானம் மூடியபோது, 'ஊரையே மேல தூக்கிவிட்டேன், நான் மட்டும் கீழயே நிக்கறேன்' என்று சொல்லிக்கொண்டு கிகுயோவிடம் வேலைக்கு வந்தான்.

"ரெண்டும் தூக்கி நிறுத்தியிருக்கு. எல்லாரும் பண்றதுதானே மேடம்? கீழ விட்டா கண்ணாடியோட ஒட்டிக்கும். என் மாமனார் வாசல்ல நிக்கிற காருக்கே நான் தூக்கி விடறேன். அது ஓடி வருஷக்கணக்காச்சு."

"சாகப் போறவன் தூக்கி விடுவானா?"

ஹங்காய் காதைச் சொறிந்தான். "கை பழக்கத்துல தூக்கலாம்."

"தூக்கலாம், சரி." அவள் எண்டோ பக்கம் திரும்பினாள். "இழுத்து வரப் படாத பாடு பட்டீங்களாமே?"

"ஏன் கேக்கறீங்கம்மா! பின்சக்கரம் ரெண்டும் அசைவேனாங்குது. என்னடான்னு கதவைத் திறந்து பாத்தா, கை பிரேக்கை இழுத்து வெச்சிருக்கு. அந்தக் குளிர்ல! வெந்நீரா ஊத்தி ஊத்தி என் கையே வெந்துபோச்சு. எந்த மடையன்..." செத்தவனைத் திட்டுகிறோம் என்று உறைத்ததும் எண்டோ சட்டென்று கைகளைக் கூப்பிக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க ஓயாமா."

கிகுயோ செல்போனை அவனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கொட்டகைக்கு வெளியே பனி மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. ஹங்காய் பின்னாலேயே ஓடி வந்தான்.

"மேடம், கை பிரேக்கா? குளிர் காலத்துலயா? எங்க ஊர்ல கோமாவுல கிடக்கறவன்கூடப் போட மாட்டானே!"

"அதைத்தான் யோசிக்கறேன். சேறும் தண்ணியும் தெறிச்ச காரை நிறுத்திட்டு பிரேக்கை இழுத்தா அப்படியே உறைஞ்சுக்கும். அப்புறம் நாலு சக்கரம் இழுத்தா என்ன, எட்டு சக்கரம் இழுத்தா என்ன? கியரை பார்க்கிங்ல போட்டுட்டு இறங்கிப் போறவங்கதான் நாம எல்லாரும்."

"தேடிப் போன மீட்புப் படைக்காரங்க யாராவது இழுத்திருப்பாங்களோ? போலீஸ் அப்படித்தான் சொல்லுது."

"படையில இருக்கறவன் எல்லாம் யாரு? உன் மச்சான், பால்காரன், கோயில் பூசாரி. அவங்க போடுவாங்களா?"

"பூசாரிக்கு ஓட்டவே தெரியாது."

"வைப்பரைத் தூக்கினது இந்த ஊர்க் கை. பிரேக்கை இழுத்தது இந்த ஊர்க் கை இல்ல. ஒரு காரு, ரெண்டு ஆளு. தெட்சுரோ குடிச்சிருந்தார், அதனால வேற ஒருத்தன் ஓட்டினான். அவன் உள்ள உக்காந்து பிரேக்கை இழுத்தான். பக்கத்துல இருந்த தெட்சுரோ இறங்கி வைப்பரைத் தூக்கி விட்டார். திரும்ப அதே கார்ல ஏறிக் கிளம்பப் போற ஆளுதான் அதைச் செய்வான்."

ஹங்காயின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அப்படின்னா, ஓட்டினவன் அவரை மலையில விட்டுட்டுப் போயிட்டான்."

"ஆமா."

"குடிச்சா மாத்து டிரைவரைக் கூப்பிடறது வழக்கமாச்சே?"

"டவுன்ல இருக்கற எல்லாரையும் நேத்தே கேட்டாச்சு. யாரையும் அவர் கூப்பிடல. கூப்பிட்டிருந்தாலும் அவனுங்களும் இந்த ஊர்தான்."

"அப்ப நமக்கு வேண்டியது அன்னிக்கு விருந்துல குடிக்காத ஒரு தெற்கத்திக்காரன்." ஹங்காய் விரலைச் சொடுக்கினான். "தொழிற்சாலை மேனேஜர் குரோகி! ககோஷிமா ஆளு. பனியைப் படத்துல பாத்து வளந்தவன். ஆள் குறைக்கற கத்தி அவன் கையிலதான் இருக்கு. வயித்துப் புண்ணுன்னு ஒரு சொட்டு குடிக்க மாட்டான்னு கேள்வி. மேடம், கேஸ் முடிஞ்சுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"போற வழியில அவனையும் பாத்துட்டுப் போலாம்," என்றாள் கிகுயோ.

தொழிற்சாலை வாசலில் கார்கள் அத்தனையும் வைப்பர்களைத் தூக்கிக்கொண்டு, போலீஸிடம் சரணடைந்த கூட்டமாக நின்றன. குரோகி குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். உள்ளே கூப்பிடவில்லை. ஆள் குறைப்புப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கட்டிடத்துக்குள் புது முகம் எது நுழைந்தாலும் எல்லோரும் மிரண்டுபோவார்கள் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

"ஓயாமாவை அன்னிக்கு நீங்க கார்ல கூட்டிட்டுப் போனீங்களா?" கிகுயோ சுற்றி வளைக்கவில்லை.

"நானா? எதுக்கு? அவர் எங்க எல்லாரையும் விட முன்னாடியே கிளம்பிட்டாரே!"

"வேலை போற துக்கத்துலயா?" என்றான் ஹங்காய்.

குரோகியின் முகம் கறுத்தது. "இந்த ஊர்ல என்னை ஆளாளுக்கு எமன் மாதிரி பாக்கறீங்க. அவரை வேலையை விட்டு எடுக்கப் போறதில்லன்னு அன்னிக்குக் காலையிலயே கூப்பிட்டுச் சொல்லிட்டேன். சாயங்காலம் பூரா சிரிச்சிட்டுதான் இருந்தார். ஸ்டேஷனுக்குப் போகணும், ஒருத்தரைக் கூப்பிட்டு வரணும்னு சொன்னார். யாருன்னு கேட்டதுக்கு, 'வீட்டுக்கு ஒரு ஆள் கூடுது'ன்னார். நீங்களே சொல்லுங்க, சாகப் போறவன் பேசற பேச்சா இது?"

"இதைப் போலீஸ்கிட்ட சொன்னீங்களா?"

"கேட்டாத்தானே சொல்ல? நான் வாயைத் திறந்தாலே வேலையைப் பிடுங்கப் போறேன்னு எல்லாரும் ஓடறாங்க."

கிகுயோவுக்கு அந்த ஆள்மேல் முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஹங்காய்க்கு வரவில்லை. அவன் குரோகியின் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டான்.

"சார், இதுல கை பிரேக் போடுவீங்களா?"

பக்கத்தில் பனி வாரிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகள் குபீரென்று சிரித்தார்கள். குரோகியின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"அதையும் சொல்லிட்டாங்களா? ஆமாய்யா, வந்த முதல் வருஷம் போட்டேன். மறுநாள் காலையில காரு பாறை மாதிரி நிக்குது. ஒரு ஷிஃப்ட் ஆளுங்க பூராவும் கெட்டில்ல வெந்நீர் தூக்கிட்டு வந்தாங்க. இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பட்டப்பேரு கெட்டில். இனிமே செத்தாலும் அதைத் தொட மாட்டேன். பழக்கத்துல கை அது பக்கம் போகும், போன வேகத்துல தானா பின்னாடி வந்துடும். சூடு வெச்ச மாதிரி."

கிகுயோ கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். யோசனை ஓடும்போது அவள் கை சும்மா இருக்காது. பிறகு குரோகிக்குத் தலை வணங்கிவிட்டு நடந்தாள்.

"சே, அருமையான கொலைகாரன் கெட்டில்ல கரைஞ்சு போயிட்டான்," என்று ஹங்காய் காரைக் கிளப்பினான். "இப்ப எங்க மேடம்?"

"ஓயாமா வீட்டுக்கு."

"நல்ல சேதிதான். வேலை போகல, சாகவும் போகல. அந்தம்மா நிம்மதியா அழும்."

"ஒரு தடவை பிரேக் உறைஞ்சு மாட்டிக்கிட்டவன் மறுபடி தொட மாட்டான். அப்ப அன்னிக்கு ஓட்டினது, பனியில ஒரு தடவைகூடக் காரை நிறுத்திப் பழகாத ஆளு. நாம தெற்கத்திக்காரனைத் தேடினது தப்பு ஹங்காய். எங்க பொறந்தாங்கங்கறது கணக்கில்ல. எங்க ஓட்டக் கத்துக்கிட்டாங்கங்கறதுதான் கணக்கு."

ஹங்காய் இரண்டு வளைவுகளைத் தாண்டினான். பிறகு, "வீட்டுக்கு ஒரு ஆள் கூடுதுன்னாரே," என்று தனக்குள் முனகினான்.

"கீழ் முக்குலயே காரை நிறுத்து. பேட்டரி போயிடுச்சுன்னு சொல்லப் போறேன்."

"என் பேட்டரியையா? போன மாசம்தான் புதுசு போட்டேன்! பொய் சொல்றதுன்னா உங்க மூட்டு வலியைச் சொல்லுங்க."

ஓயாமா வீட்டில் முன்னறை மாடத்தில் தெட்சுரோவின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. நெருங்கி வரும் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில்தான் கல்லறையில் வைப்பார்கள் என்பதால் வெள்ளைத் துணி போட்ட மேஜையில் அஸ்தி இன்னும் இருந்தது. மகள் சிஹாரு அதன் எதிரில் முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். தாய் மிட்சுயே சமையலறையில். நடுவில் இருந்த நெகிழ் கதவு சாத்தியிருந்தது.

சிஹாருவின் கதை தெருவுக்கே தெரிந்ததுதான். பதினெட்டு வயதில் தெற்கே, பனி விழாத ஷிகோக்கு தீவிலுள்ள கோச்சிக்குப் படிக்கப் போனாள். படிப்பைப் பாதியில் விட்டு, தன்னைவிட ரொம்ப மூத்த ஒருவனை யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். மிட்சுயே அன்றோடு பேச்சை நிறுத்தினாள். அப்பனின் சாவுக்குத்தான் பல வருஷம் கழித்து வீட்டு வாசலை மிதித்தாள். சாவுக்கு வந்தவள் சடங்கு முடியட்டும் என்று தங்கிவிட்டாள். ஆனால் தாயும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு அறையில் காலம் தள்ளினார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட ஒருத்தி எழுந்து போன பிறகுதான் இன்னொருத்தி வந்து எடுப்பாள்.

"டீ குடிங்க," என்று மிட்சுயே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளிகளுக்கு இரண்டு கோப்பை, தனக்கு ஒன்று. மகளுக்கானதைத் தட்டிலேயே விட்டுவிட்டாள். சிஹாரு தானே எடுத்துக்கொண்டாள்.

கிகுயோ பேட்டரிக் கதையைச் சொன்னாள். ஹங்காய் சாவு வீட்டுக்கு ஏற்ற சோகத்தோடு தலையசைத்தான்.

"நான் கொண்டுபோய் விடறேன், கோட்டை எடுத்துக்கறேன்," என்று மிட்சுயே எழுந்தாள்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? சிஹாரு ஓட்டுவா இல்ல?"

மிட்சுயே மகளைப் பார்க்காமல் சொன்னாள். "அவ இங்க பனியில ஓட்டினதே இல்ல. லைசன்ஸ் எடுத்ததே கோச்சியிலதான்."

"நான் ஓட்டறேன்," என்று சிஹாரு சாவியை எடுத்தாள்.

அந்தப் பாசி நிறக் காரில் கிகுயோ முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் மண்வாரிக்கும் இழுவைக் கயிற்றுக்கும் நடுவில் ஹங்காய். புருஷன் கடைசியாகப் போன காரைத் தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறாளே மிட்சுயே, வேறு வழியே இல்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றிருக்கும் மலையில், காரை விற்றுவிட்டு என்ன செய்வது? கரண்டி பிடிக்கப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தா போவாள்?

சிஹாரு நிதானமாக ஓட்டினாள். நூடுல்ஸ் கடைச் சரிவில் கிகுயோ, "இங்க கொஞ்சம் நிறுத்தேன், ஒண்ணு வாங்கணும்," என்றாள்.

கார் நின்றது. சிஹாரு கியரை பார்க்கிங்குக்குத் தள்ளினாள். இடது கை தானாகக் கீழே இறங்கிப் பிரேக் கம்பியைத் தொட்டது. தொட்ட மாத்திரத்தில் விலுக்கென்று பின்னால் வந்தது. அந்தக் கையை அவள் மடியில் வைத்து வலது கையால் பொத்திக்கொண்டாள்.

கிகுயோ இறங்கவில்லை.

"ஏம்மா கையை எடுத்துட்ட?"

"உறைஞ்சிடும்."

"யாரு சொன்னா?"

"இங்க எல்லாருக்கும் தெரியுமே. அப்பா சின்ன வயசுலயே சொல்லியிருக்கார்."

"சொல்லிக் கேட்டவங்க கை அது பக்கமே போகாது சிஹாரு. உன் கை போச்சு, போயிட்டுத் திரும்பி வந்துச்சு. உங்க அப்பா தொழிற்சாலை மேனேஜருக்கும் இப்படித்தான் வருமாம். அவருக்கு ஒரு தடவை உறைஞ்சு போச்சு. உனக்கு எப்ப உறைஞ்சுது?"

கண்ணாடியில் பனி விழுந்து மூடிக்கொண்டு வந்தது. யாரும் வைப்பரைப் போடவில்லை.

"அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார்," என்றாள் சிஹாரு. "என் புருஷன். அதாவது, நான்தான் வந்துட்டேன். எப்படி வேணா சொல்லிக்கலாம். அப்பாவுக்கு மட்டும் போன் பண்ணினேன். வாடா கண்ணுன்னார். காரை முன்னாடியே ஸ்டேஷன் வாசல்ல நிறுத்திட்டு, விருந்துலேர்ந்து நடந்தே வந்தார். குடிச்சிருந்தார், சாவியை என் கையில குடுத்துட்டார். 'அம்மாகிட்ட இப்பதான் பேசினேன். சேப்பங்கிழங்கு நிறையப் போட்டு இமோனி சூப் வெச்சிட்டு உனக்காகக் காத்துட்டு இருக்கா'ன்னு சொன்னார்."

"அப்புறம்?"

"கணவாய் வரைக்கும் தைரியமா வந்துட்டேன். அதுக்கு மேல ஓட்ட முடியல. என்ன மூஞ்சியை வெச்சிட்டு அம்மா முன்னாடி போய் நிப்பேன்? ஓரமா நிறுத்திட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. இறங்கி வைப்பரைத் தூக்கி விட்டுட்டு வந்து உக்காந்தார். 'எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ, அம்மா எங்கயும் போயிட மாட்டா'ன்னார். ரொம்ப நேரம் அழுதேன். அப்பா பாட்டுக்கு ஏதேதோ சிரிக்கச் சிரிக்கப் பேசிட்டு இருந்தார். கடைசியில போலாம்னு சொன்னேன். காரு அசையல. அப்பதான் நான் பிரேக் போட்டு வெச்சிருக்கறதை அவர் பாத்தார்."

"திட்டினாரா?"

"சிரிச்சார். 'பிள்ளையைக் கோச்சிக்கு அனுப்பினா இப்படித்தான்'னார். அங்க போனுக்கு சிக்னல் இல்ல. கீழ பனி வாருற மெஷின் நிறுத்தற கொட்டகை இருக்கு, வெந்நீர் வாங்கிட்டு வரேன்னு கிளம்பினார். கோட்டைக் கழட்டி எனக்குப் போத்திவிட்டுட்டுப் போனார். சரிவுல குறுக்கு வழியா இறங்கியிருக்கார். எனக்கு அது தெரியாது. உக்காந்துட்டே இருந்தேன். அப்புறம் ஒரு வெளியூர் லாரி வந்துது. ரோட்டுல யாரும் இல்லன்னு அந்த டிரைவர் சொன்னார். அப்ப அப்பா வீடு போய்ச் சேந்துட்டார்னு நினைச்சேன். போன இடத்துல அம்மா மனசு மாறிட்டா, அவளை அங்கேயே விடுங்கன்னு சொல்லிட்டா, இவரும் உக்காந்துட்டார்னு நினைச்சேன். எனக்கு ஆத்திரம். லாரியில ஏறி ஸ்டேஷனுக்குப் போய், முதல் ரயில்ல கோச்சிக்கே போயிட்டேன். அப்பா கோட்டு கோச்சியில என் அறையில தொங்குது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கிகுயோவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இத்தனை வருஷம் பேசாத அம்மா, அன்னிக்குத்தான் மனசு இறங்கி எனக்காகச் சமைச்சு வெச்சிட்டுக் காத்திருந்தா. நான் வராதது மட்டும் இல்ல, அவ புருஷனையும் கொன்னுட்டேன். அம்மாவுக்கு உள்ளுக்குள்ள தெரியும்னு நினைக்கறேன். இல்லன்னா ஏன் என் மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்கறா?"

கிகுயோவுக்கு மிட்சுயே முதல் நாள் ஆபீஸில் சொன்னது ஞாபகம் வந்தது. கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டாளாம். இமோனி வைத்துக் காத்திருந்தவள் போனில் கோபமாகப் பேச என்ன இருந்தது? பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்தும், உண்மையைக் கண்டுபிடித்து யாரும் நன்றாகத் தூங்கியதாக அவளுக்கு நினைவில்லை.

"நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லப் போற," என்றாள். "காரைத் திருப்பு. ஊர் உங்க அப்பாவைக் கோழைன்னு பேசுது. உங்க அம்மா அதை நம்பித் தினம் தினம் சாகறா. அதை நிறுத்த உன்னால மட்டும்தான் முடியும்."

"மேடம்..." என்றான் ஹங்காய் பின்னாலிருந்து. வழக்கமான கேலி ஒன்றும் வரவில்லை. "என் பேட்டரி நல்லாத்தான் இருக்கும்மா," என்று மட்டும் சிஹாருவிடம் சொன்னான்.

மிட்சுயே சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கார் திரும்பி வந்த சத்தத்துக்கு வெளியே வரவில்லை. நெகிழ் கதவைக் கிகுயோதான் திறந்தாள்.

"நீங்க கேட்டதுக்குப் பதில் கிடைச்சுடுச்சும்மா. அவர் சாகக் கிளம்பல, வீட்டுக்கு வரத்தான் கிளம்பினார். அவர் காரை ஓட்டவும் இல்ல."

மிட்சுயே குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து நின்றாள். "யாரு ஓட்டினது?"

"நான்," என்றாள் சிஹாரு.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டேஷனையும் கணவாயையும் பிரேக்கையும் லாரியையும் சொன்னாள். கடைசியில் சிஹாருவின் குரல் உடைந்தது.

"நீ காத்துட்டு இருந்தம்மா. நான்தான் நடுவழியில நிறுத்திட்டேன்."

"யாரு சொன்னா காத்துட்டு இருந்தேன்னு?"

"அப்பா. இமோனி வெச்சிட்டு..."

மிட்சுயே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். ஹங்காய் ஒரு அடி முன்னால் வைத்தான். கிகுயோ அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அன்னிக்கு நீ அவரோட வந்தியான்னு கேக்க இத்தனை நாளும் எனக்கு வாய் வரல," என்றாள் மிட்சுயே. மகளிடம் நேராகப் பேசிப் பல வருஷமாகியிருந்ததால் குரல் கரகரத்தது. "கேட்டா, நான் போன்ல என்ன சொன்னேன்னு நீ கேப்ப. சிஹாரு வந்திருக்கா, கூட்டிட்டு வரேன்னார். அவளைக் கூட்டிட்டு வர்றதா இருந்தா நீங்களும் வர வேண்டாம்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன். அதுக்குத்தான் அவர் மலையிலயே தங்கிட்டார்னு நினைச்சிட்டு இருந்தேன்."

இருவருக்கும் நடுவில் ஒரு எட்டு வைக்கிற தூரம்தான். ஒருத்தியும் வைக்கவில்லை.

"இமோனின்னா சொன்னார்?" என்று மிட்சுயே மறுபடி கேட்டாள்.

"ஆமாம்மா. 'உனக்குப் பிடிக்கும்னு அம்மா பண்ணியிருக்கா'ன்னார்."

"அன்னிக்கு நான் அடுப்பே பத்த வைக்கல," என்றாள் மிட்சுயே.